மாமனார் பெயரில் மின் இணைப்பு: சோலார் மானியம் யாருக்கு?

தென்மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து 48 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

கணவர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், 79 வயது மாமியார் ஆகியோருடன் மாமனார் கட்டிய வீட்டில் குடியிருக்கிறார். மாமனார் ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமானார், உயில் இல்லை. கோடையில் மேல்தளம் அடுப்பாகக் கொதிக்கிறது. இரண்டு மாத மின்பயன்பாடு 780 யூனிட்டைத் தொட்டுவிட்டது. இந்த நேரத்தில் சோலார் நிறுவனப் பிரதிநிதி என்று ஒருவர் வந்திருக்கிறார். “மத்திய அரசு இலவசமாகத் தருகிறது, 5 கிலோவாட் போட்டுவிடலாம், மானியம் எங்கள் கணக்குக்கு வந்துவிடும், நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம், திட்டம் இந்த மாதத்தோடு முடிகிறது” என்று சொல்லி, பதிவுக் கட்டணமாக 5,000 ரூபாயைத் தன் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஆதார் நகலும் மின் அட்டை நகலும் அவரிடம் போய்விட்டன. வரும் சனிக்கிழமை வங்கிக் கடன் படிவத்தில் கையெழுத்து வாங்க வருகிறார். இதற்கிடையில் கோயம்புத்தூரில் இருக்கும் கொழுந்தனார், “மாடியில் பேனல் வைத்தால் நாளைக்கு மாடியே உங்களுடையது என்பீர்கள், நான் சம்மதிக்க மாட்டேன்” என்று போனில் கத்தியிருக்கிறார். கடைசியாக வாசகி கேட்கிறார்: கரண்ட் போனால் பேனலில் ஓடும்தானே? பழைய மின்விசிறிகளையும் குளிர்சாதனப் பெட்டியையும் மாற்றவும் அரசு பணம் தருமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைவிட அதனுடன் வைத்திருந்த ஒரு படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். மீட்டர் பலகைக்குப் பின்னால் செருகி வைத்திருந்த மின்வாரியத்தின் வெள்ளை அட்டை. ஓரம் கரையான் அரித்தது போலக் கிழிந்திருக்கிறது, கணக்கெடுப்பாளரின் நீல மையில் வரிசையாக எண்கள், மேலே உங்கள் மாமனார் பெயர். ஆறு ஆண்டுகளாக அவர் பெயருக்கே ரசீது வந்துகொண்டிருக்கிறது, நீங்களும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நம் ஊரில் பாதி வீடுகளின் நிலை இதுதான். பணம் கட்டும்வரை யாரும் கேட்பதில்லை. மானியம் என்று வரும்போதுதான் அந்தப் பெயர் பேச ஆரம்பிக்கிறது.

உங்கள் பிரச்சினையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பிரதிநிதியும் கொழுந்தனாரும் அதன் இரண்டு நுனிகள்.

‘இலவசம்’ என்ற சொல்லைப் பற்றி

பிரதமரின் சூர்யகர் இலவச மின்சாரத் திட்டம் உண்மையானது. 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. 2026-27 நிதியாண்டு வரைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே “இந்த மாதத்தோடு முடிகிறது” என்பது உங்களை அவசரப்படுத்தச் சொன்னது. திட்டத்தின் பெயரில் ‘இலவசம்’ என்ற சொல் இருப்பதால் பேனலே இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள்; நீங்களும் நினைத்ததில் வெட்கப்பட ஏதுமில்லை. பேனலை நீங்கள் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். அதில் ஒரு பகுதியை அரசு திருப்பித் தருகிறது.

எவ்வளவு? முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அதோடு நின்றுவிடும். 3 போட்டாலும் 5 போட்டாலும் 10 போட்டாலும் உச்சவரம்பு 78,000 ரூபாய்தான். அவர் உங்களுக்கு எழுதிக்கொடுத்த 5 கிலோவாட் மதிப்பீடு 3,25,000 ரூபாய். அதில் 78,000 கழித்தால் 2,47,000. அந்தத் தொகைக்குத்தான் சனிக்கிழமை கையெழுத்து கேட்கிறார். கடன் உங்கள் வீட்டார் பெயரில் என்றால் முதல் போடுபவர்கள் நீங்கள்தான், தாயே. இதில் இலவசம் எங்கே?

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முன்பணம் இல்லாமல் பேனல் அமைக்கும் ஏற்பாடு எல்லாமே மோசடி அல்ல. நிறுவனமே முதல் போட்டு உங்கள் மாடியில் பேனல் வைத்து, அதில் வரும் மின்சாரத்துக்கு உங்களிடம் கட்டணம் வாங்கும் முறையும் இத்திட்டத்தில் உண்டு. ஆனால் அதில் குறிப்பிட்ட ஆண்டுகள் பேனல் அந்த நிறுவனத்தின் சொத்தாக இருக்கும், கடன் உங்கள் தலையில் இருக்காது, எல்லாம் எழுத்து ஒப்பந்தத்தில் இருக்கும். உங்களிடம் வந்தவர் காட்டியது கடன் படிவம். இரண்டையும் கலந்து பேசியிருக்கிறார்.

நீங்களே முதல் போடும் முறையில் பணம் போகும் வழி இதுதான்: தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொண்டு பதிவு செய்கிறீர்கள், பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பேனல் அமைத்து, நெட் மீட்டர் (வாரியத்திடம் வாங்கும் மின்சாரத்தையும் பேனலிலிருந்து வாரியத்துக்குப் போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்தி, மின்வாரியம் ஆய்வு செய்து, இயக்கச் சான்று வந்த பிறகு மானியம் வருகிறது. வருவது நுகர்வோரின் சொந்த வங்கிக் கணக்குக்கு. முன்கூட்டி வராது, விற்பவர் கணக்குக்கும் வராது.

பெயர், பெயர், பெயர்

நுகர்வோர் யார்? வெள்ளை அட்டையில் இருப்பவர். மின் இணைப்பில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். என்னிடம் வந்த ஒருவருக்கு முதலெழுத்து முன்னால் இருந்ததா பின்னால் இருந்ததா என்பதிலேயே மூன்று மாதம் போயிற்று; அவர் உயிரோடு இருந்தார், தன் ஆதாரையும் எடுத்துக்கொண்டு நேரில் போய் நின்றார். உங்கள் மாமனாரால் அது முடியாது. அவர் பெயரில் விண்ணப்பித்துப் பேனலை மாட்டிவிட்டு மானியத்துக்குக் காத்திருந்தால், 78,000 ரூபாய் அந்தரத்தில் நிற்கும். கடன் தவணை மட்டும் மாதாமாதம் சரியாக வரும். பிரதிநிதி இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? அவருக்குக் கடன் தொகை கைக்கு வந்தால் போதும்.

எனவே பெயர் மாற்றம்தான் முதல் வேலை. தாசில்தாரிடமிருந்து வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், சொத்துவரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையம் மூலம் கேட்கலாம்.

இங்கே உங்கள் கடிதத்தில் ஒரு விடுபடல் எனக்குத் தட்டுப்பட்டது. “சொத்தில் என் கணவரும் கொழுந்தனாரும் சரிபாதி” என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் “நாத்தனார் திருமணமாகித் திண்டுக்கல்லில் இருக்கிறார்” என்று போகிற போக்கில் ஒரு வரி. இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்றும், வீடு மாமனார் தன் சம்பாத்தியத்தில் கட்டியது என்றும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்: உயில் இல்லாத நிலையில் வாரிசுகள் நான்கு பேர். மாமியார், உங்கள் கணவர், கொழுந்தனார், நாத்தனார். ஆளுக்குக் கால் பங்கு. திருமணமானதால் மகளின் பங்கு குறையாது. சீர் செய்தோம், நகை போட்டோம் என்பதெல்லாம் குடும்பப் பேச்சு. சட்டத்தில் அதற்கு இடமில்லை. சம்மதக் கடிதத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் காரியம் நகராது. கொழுந்தனாரைச் சமாதானப்படுத்துவதில் மும்முரமாக இருந்து நாத்தனாரை மறந்துவிடாதீர்கள். அவரிடம் முதலில் பேசுங்கள் என்பதுகூட என் யோசனை. அண்ணன் தம்பி சண்டையில் தங்கை சொல் சில சமயம் எடுபடும்.

கொழுந்தனாரின் பயத்துக்கு என்ன பதில்?

அவர் கத்தியதை விட்டுவிடுங்கள். பயம் முழுக்க அர்த்தமற்றது அல்ல. ஆனால் சட்டப்படி தவறானது. மின் இணைப்பில் பெயர் இருப்பது சொத்துரிமைக்குச் சான்று ஆகாது. சொத்துவரி ரசீதும் ஆகாது. வாரிசுகள் அனைவருக்கும் பொதுவான சொத்தின் மாடியில் ஒரு பங்குதாரர் பேனல் வைப்பதால் மற்றவர் பங்கு தேய்ந்துவிடாது. அதேசமயம், மற்றவர்களைக் கேட்காமல் அந்தச் சொத்தில் நிலையான கட்டுமானம் எழுப்பினால் அவர்கள் நீதிமன்றம் போய்த் தடை கேட்கலாம். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒரு தாளில் நான்கு வாரிசுகளும் கையெழுத்திடும் சிறு உடன்படிக்கை போதும். பேனல் யார் செலவில் வாங்கப்பட்டதோ அவருடையது. பெயர் மாற்றம் மின் இணைப்புக்கு மட்டுமே, பங்கைப் பாதிக்காது. பாகப்பிரிவினையின்போது தேவைப்பட்டால் வைத்தவர் தன் செலவில் கழற்றிக்கொள்வார். தளத்தில் ஒழுக்கு வந்தால் அவரே சரிசெய்வார். இவ்வளவுதான். இதைக் கோயம்புத்தூருக்கு அனுப்பும்போது உங்கள் கணவர் கூடவே ஒரு தடவை நேரில் போய்வருவது நல்லது. வக்கீல் எழுதிய தாள் தனியாக வந்தால் நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

யார் பெயருக்கு மாற்றுவது என்பதில் இரண்டு வழிகள் தெரிகின்றன. உங்கள் கணவர் பெயருக்கு மாற்றினால் கடன் கிடைப்பது எளிது, பின்னாளில் மறுபடி மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் கொழுந்தனார் பல்லைக் கடிப்பார். மாமியார் பெயருக்கு மாற்றினால், அம்மா பெயருக்கு வேண்டாம் என்று எந்தப் பிள்ளையும் சபையில் சொல்ல மாட்டான்; மானியமும் அவர் ஓய்வூதியம் வரும் கணக்குக்கே வந்துவிடும். குறை என்னவென்றால் 79 வயதில் வங்கி எளிதில் கடன் தராது. நாளை மறுபடியும் ஒரு பெயர் மாற்றம் வேண்டியிருக்கும். உங்கள் குடும்பச் சூழலில் நான் மாமியார் பெயரையே பரிந்துரைப்பேன். கடன் கிடைக்காதே என்றால், கடன் உங்களுக்குத் தேவையே இல்லை என்பதுதான் என் அடுத்த வாதம்.

5 கிலோவாட் எதற்கு?

நான் பொறியாளர் அல்ல. இருந்தாலும் நுகர்வோர் வழக்குகளில் சோலார் மதிப்பீடுகளைப் பார்த்துப் பார்த்து இந்தக் கணக்கு பழகிவிட்டது. நம் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 5 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 1,200 யூனிட். உங்கள் தேவை 780. மீதியை மின்வாரியத்துக்கு விற்று லாபம் பார்க்கலாம் என்று அவர் சொன்னதை நம்பி முதல் போடாதீர்கள்.

தமிழ்நாட்டு மின்கட்டணம் ஏணி மாதிரி. முதல் 100 யூனிட் இலவசம், அடுத்தடுத்த படிகளில் விலை ஏறுகிறது, 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை இருந்த சலுகை விலையும் போய்விடுகிறது. நீங்கள் அனுப்பிய ரசீதை வைத்துக் கணக்குப் போட்டேன். 780 யூனிட்டுக்கு ஏறத்தாழ 4,700 ரூபாய். 2 கிலோவாட் பேனல் இரண்டு மாதத்தில் தரும் 480 யூனிட்டைக் கழித்தால், 300 யூனிட்டுக்கு ரசீது 700 ரூபாயை ஒட்டி வரும். அதாவது முதல் இரண்டு கிலோவாட் 4,000 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. மூன்றாவது கிலோவாட் அதிகபட்சம் மீதி 700-ஐ மட்டுமே மிச்சப்படுத்த முடியும். மானியமும் மூன்றாவதுக்கு 18,000 ஆக இறங்கிவிடுகிறது. நான்காவதும் ஐந்தாவதும் யாருக்காக என்று நீங்களே யோசியுங்கள். வேறு கட்டணங்கள் எதையும் சேர்க்காத தோராயக் கணக்குதான் இது. ஆனால் போகும் திசை மாறாது.

அவர் சொன்ன விலையிலேயே 2 கிலோவாட் 1,30,000. மானியம் 60,000 போனால் 70,000. சிறிய அமைப்புக்கு கிலோவாட் விலை கொஞ்சம் கூடலாம். குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். மானியம் பிறகுதான் வரும் என்பதால் முதலில் முழுத்தொகையையும் புரட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சீட்டுப் பணம் சித்திரையில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் மாற்றம் முடிவதற்கும் அதற்கும் சரியாக இருக்கும்.

மின்விசிறிக்கு மானியம் உண்டா?

இந்தத் திட்டத்தில் இல்லை. நட்சத்திரக் குறியீடு மின்சிக்கனத்தைக் காட்டும் முத்திரை மட்டுமே. அதற்கும் மானியத்துக்கும் தொடர்பில்லை. 2023 முதல் மின்விசிறிகளுக்கும் அந்தக் குறியீடு கட்டாயம் என்பதால் கடையில் பார்த்து வாங்கலாம்.

மானியம் இல்லை என்று கேட்டதும் அந்த யோசனையையே கைவிட்டுவிடாதீர்கள். எனக்கு இதுதான் உங்கள் கடிதத்தில் மிக நல்ல கேள்வியாகப் பட்டது. உங்கள் வீட்டில் ஓடும் பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. எனப்படும் மின்சிக்கன மோட்டார் வகை 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். நான்கு விசிறியில் 160. மிச்சமாகும் யூனிட்கள் ஏணியின் உச்சிப்படியிலிருந்து கழிகின்றன. எனவே இரண்டு மாதத்துக்கு 1,500 ரூபாய்வரை குறையும். விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றரை ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். இதற்குத் தாசில்தாரும் வேண்டாம், கொழுந்தனார் கையெழுத்தும் வேண்டாம். மேல்தளத்தில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டால் ஏ.சி. ஓடும் நேரமும் குறையும். பேனலுக்கு முன் பூச்சு அடியுங்கள். பிறகு தாங்கிகளுக்கிடையில் தூரிகை நுழையாது.

கரண்ட் போனால்?

பேனலும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் நிற்கும். மின்கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மீது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக, மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு சேர்ந்த அமைப்பு தனி விலை; பேட்டரிக்காக மானியத் தொகை அதிகமாகாது. இப்போது இருக்கும் பழைய இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள்.

5,000 ரூபாயும் சனிக்கிழமையும்

பணம் தனிநபர் எண்ணுக்குப் போயிருக்கிறது, ரசீது இல்லை. முதலில், உங்கள் இணைப்பு எண்ணில் ஏற்கெனவே விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா, எந்தக் கைப்பேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று 15555 என்ற உதவி எண்ணில் கேளுங்கள். அவர் தன் எண்ணைக் கொடுத்துப் பதிந்திருந்தால் விண்ணப்பத்தின் சாவி அவர் கையில் இருக்கிறது என்று பொருள். இணையத்தில் நீங்களே பார்க்கும்போது முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று கவனியுங்கள். இத்திட்டத்தின் பெயரில் போலித் தளங்கள் உலவுகின்றன. அவர் சொன்ன நிறுவனம் பதிவுப் பட்டியலில் இருந்தால், அதன் அலுவலகத்துக்கே கடிதம் எழுதி, இவர் உங்கள் ஆளா, பணம் எதற்கு என்று கேளுங்கள். பட்டியலில் இல்லையென்றால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணப்பரிமாற்றத் திரைப்பதிவையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள்.

நிறுவனம் உண்மையானது, பணத்தைத் தர மட்டும் மறுக்கிறது என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைக்காமலும் வாதாடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். பல சின்னத் தொகைகள் அந்தக் கட்டத்திலேயே திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பின்னால் யாரிடம் வாங்கினாலும் சில வரிகள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பேனலின் செல்களும் இந்தியாவில் தயாரானவை என்ற உறுதி, ஏனென்றால் வெளிநாட்டுச் செல்லுக்கு மானியம் கிடையாது. ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணும் ரசீதில். ஐந்து ஆண்டுப் பராமரிப்பு, அது விற்பவரின் கடமை, தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தட்டோட்டைத் துளைக்காமல் கான்கிரீட் பீடத்தில் தாங்கிகளை நிறுத்துவது. கடைசியானதைக் கொழுந்தனாருக்காகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை அவர் வரும்போது உங்கள் கணவரும் வீட்டில் இருக்கட்டும். காப்பி கொடுங்கள், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். “இணைப்பு காலமானவர் பெயரில் இருக்கிறது, மானியம் எப்படி வரும்?” என்று மட்டும் கேளுங்கள். விவரம் தெரிந்த நேர்மையான ஆள் என்றால் பெயர் மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று 5,000 ரூபாயை வைத்துவிட்டுப் போவார். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் போடுங்கள்” என்றால் ஆதார் நகலையும் அட்டை நகலையும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு, அன்றைக்கே 1930-க்குப் பேசிவிடுங்கள்.